எதற்கு ஆமாம்?

எங்கள் அண்ணி பொய் சொன்னதாக எழுதி வைத்தவர் நாங்கள் படித்த கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர். பொய் எழுதியது அவர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தை நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது ஒரு கறுப்பு ஹெட்போன் வயர். எங்கள் மலைமேல் செம்மேடு சந்தையில் தார்ப்பாய் விரித்துக் குவித்திருந்த சாமான்களுக்குள் அண்ணி கிளறி எடுத்தது. ஒரு வயர், இரண்டு காது. இடது காது அவருக்கு, வலது காது எனக்கு. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து, ஒரு வருடம் முழுக்க அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் மலை ஊர்க்கூட்டமான வளப்பூர் நாட்டுக்கு வந்தபோது பிளஸ் டூ முடித்திருந்தார். நான் பிளஸ் டூ முடித்த வருடம், "நானும் கூடப் போறேனுங்க" என்று அண்ணனிடம் ஒரே பிடியாக நின்று, அடிவாரத்துக் கல்லூரியில் என்னோடு சேர்ந்தார். காலையில் மரவள்ளிக்காட்டில் ஒரு நடை போய்விட்டு, கை நகத்தில் மண்ணோடு பஸ் ஏறுவார். மற்ற பாடங்கள் எதிலும் அவருக்குப் பிரச்சினை இல்லை. கடைசி வருடத்தில்தான் அந்த லிசனிங் தேர்வு வந்தது. ஹாலில் ஒரு ஒலிப்பதிவைப் போடுவார்கள். இரண்டு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு தடவைதான். கேட்டதை வைத்துக் கேள்விகளுக்குப் பதில் குறிக்க வேண்டும். இதில் தேறவில்லை என்றால் மற்ற எதில் தேறினாலும் பட்டம் கிடையாது.

பயிற்சிக்காகக் கொடுத்த ஒலிப்பதிவுகளில் எப்போதும் ஒரு பெண் ரயிலுக்குப் போவாள். எந்த பிளாட்பாரம் என்று கேட்பாள். ரயில் போயிருக்கும். நாங்கள் இருவரும் அதுவரை ரயில் ஏறியதே இல்லை. "இந்தப் பொம்பளைக்கு எப்பப் பாரு ரயிலு போயிருது கண்ணு. ஒரு நாளாச்சும் நேரங்காலமாக் கெளம்பக்கூடாதா? ஊட்டுல இவளுக்கும் நாலு மாடு இருக்குமாட்டம் இருக்கு" என்பார் அண்ணி. நான் சிரித்து விடுவேன், அடுத்த வரி போய்விடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லண்டனுக்கெல்லாம் டிக்கெட் இல்லீங்க, அடிவாரம் வரைக்குந்தான்" என்பார். "அடிவாரத்துக்கே உங்க பஸ்ஸு நேரத்துக்குப் போறதில்ல, இதுல லண்டனுங்களா?" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார். பஸ்ஸே சிரிக்கும்.

எழுபது வளைவு. இறங்க இறங்கக் காது அடைத்துக்கொள்ளும். மலையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும், தேர்வுக்கு நேரம் குறிக்கிறவர்களுக்குத் தெரியாது. பாதி வழியில் அந்த ரயில்காரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அண்ணி முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு மிளகு எடுத்து என் கையில் வைப்பார். "மெல்லு சாமி. எச்சி ஊறும். முழுங்குனாக் காது தெறந்துக்கும்." அது பலிக்கும், ஆனால் உடனே பலிக்காது. கீழே இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தால்தான் டப்பென்று திறக்கும். அதற்காகவே தேர்வு நாளில் முதல் பஸ்ஸில் போய், ஒரு மணி நேரம் முன்னதாகவே கல்லூரி வாசலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

அன்றைக்கு மழை. ஒரு வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து கிளையை இழுத்துப் போட்டுத்தான் பஸ் நகர்ந்தது. நாங்கள் ஹாலுக்குள் ஓடியபோது கேள்வித்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். கடைசி பெஞ்ச்தான் காலி. ஒலிப்பெட்டி முன்னால் மேஜைமேல். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. எனக்குக் காது அடைத்துத்தான் இருந்தது. வாயில் மிளகு காரம் மட்டும் இருந்தது. ஏதோ இரண்டு குரல்கள், ஒன்று ஆண், ஒன்று பெண். ஒரு வார்த்தைகூட முழுதாக வந்து சேரவில்லை. நான் தோன்றியபடி குறித்தேன். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒலிப்பதிவு முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். துறைத் தலைவர் வந்தார். அண்ணி காதைத் தொட்டுக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "யூ குட் நாட் ஹியர்?" அண்ணி சொன்னார்: "எஸ் சார்." துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "யூ? குட் யூ ஹியர்?" நான் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "எஸ் சார்." அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கம் "சாப்பிடலையா?" என்று கேட்டால், சாப்பிடாதவர் "ஆமாங்க, சாப்பிடலீங்க" என்பார். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கான ஆமாம் அது. இங்கிலீஷில் அதே இடத்தில் 'நோ' வர வேண்டும்; 'எஸ்' என்றால் கேட்டது என்று ஆகிவிடும். பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். ஆனால் காது அடைத்து, மழையில் நனைந்து, ஒரு வருட உழைப்பு கையை விட்டுப் போகிற நேரத்தில் வாயில் வருவது புத்தகம் இல்லை, பழக்கம். அன்று எங்கள் இரண்டு பேர் வாயிலும் வந்தது ஒரே வார்த்தை. அண்ணி சொன்னது நிஜம். நான் சொன்னது பொய். பயந்துகொண்டு சொன்ன பொய்.

அன்று மதியமே அண்ணி மனு எழுதிக் கொடுத்தார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை போட வேண்டும் என்று. என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத் துறைத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. மலையேறும் பஸ்ஸில் நான்தான் படித்துச் சொன்னேன். விசாரித்தபோது ஒலி கேட்டதாக மாணவியே ஒப்புக்கொண்டார், புகார் பொய், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் மறுதேர்வுக்கு அனுமதி.

"நான் எப்பக் கண்ணு கேட்டுச்சுன்னு சொன்னேன்?"

"எஸ்ஸுன்னு சொன்னீங்களே அண்ணி."

"ஆமா. கேக்கலையான்னாரு. ஆமான்னேன்." சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பஸ் நாலைந்து வளைவு தாண்டியது. பிறகு, "அப்ப நீ சொன்ன எஸ்ஸு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம்.

அண்ணன் சொன்னது: "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வந்துரு." அண்ணி சொன்னது: "கேக்கலைன்னது நெசமுங்க. நெசத்துக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது? தப்பா இங்கிலீஷ் பேசுனேன்னு எழுதித் தரச் சொல்லுங்க, நூறு தடவ எழுதித் தாரேன்." அதையே போய்த் துறைத் தலைவரிடமும் சொன்னோம், தமிழில். அவர் தமிழ்க்காரர்தான். அவர் வீட்டிலும் "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் சொல்வார். அவர் கேட்டார், தலையை ஆட்டினார், "எழுதியது எழுதியதுதான்" என்றார். நான் தேறியிருந்தேன். எதைக் கேட்டுத் தேறினேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணி கடிதம் கொடுக்கவில்லை. பட்டம் வரவில்லை. அந்த வருடம் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணி அதற்காகவே தட்டச்சுப் பழகியிருந்தார். பட்டச் சான்று வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது. அந்த நாற்காலியில் இத்தனை வருடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். எடப்புளி நாட்டிலிருந்தும் இன்னும் தள்ளியிருந்தும் வருகிறவர்களின் மனுவை அடித்துக் கொடுக்கிறேன். "பட்டா வரலைங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பார்கள். எதற்கு ஆமாம் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டாவது முறை கேட்கிறேன். "ஏனுங்க, காது கேக்காதுங்களா உங்களுக்கு?" என்று ஒருவர் கோபப்பட்டார். எனக்குச் சலித்துப்போய்விட்டது. ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு கல்லூரி விழா அழைப்பிதழ் போனில் வந்தது. சிறப்புரை அந்தத் துறைத் தலைவர். தலைப்பு, மாணவர்கள் ஏன் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அண்ணி வீட்டுக் கொல்லையில் அந்த வயரைப் பார்த்தேன். அதை வைத்து அவரைக்கொடியைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஒரு காது அறுந்து போயிருந்தது. இன்னொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, என்னுடையதா அவருடையதா தெரியவில்லை. "நல்ல கெட்டி வயரு கண்ணு, மழைக்கும் இத்துப்போகல" என்றார். அழைப்பிதழை அவரிடம் காட்டவில்லை.

துறைத் தலைவர் அவர்களே, நான் பொய் சொன்னதை இங்கே என் கையாலேயே எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். அடுத்த மேடையில், அதே மைக்கில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது அன்றைக்கு உங்களுக்குத் தெரியாதா? ஆமாம் என்பீர்களானால், எதற்கு ஆமாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.