அக்காவின் கைவேகம்

அக்காவின் விரல்கள் தயங்கித் தயங்கி அசைந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது, நோர்வூட்டுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையில், கைபேசியில் விநாடிகளை எண்ணிக்கொண்டு நின்றபோதுதான். கைத்தொழில், முறைமைப் பொறியியலில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வின் மூன்றாம் ஆண்டு அது. கொழுந்து செடியிலிருந்து தொழிற்சாலைக்குப் போவதற்குள் நேரம் எங்கே வீணாகிறது என்பது என் கேள்வி. அளவுகளைத் தனக்கும் காட்டவேண்டும் என்ற நிபந்தனையில்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அனுமதி தந்திருந்தார்.

அந்த மலையில் அக்காவை மிஞ்சிப் பறிக்க ஆளில்லை. என்னைப் படிக்கவைத்ததும் அந்தக் கைகள்தான். நான் அளந்த மூன்று நாளும் அவள் வேண்டுமென்றே தாமதித்தாள். மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு வேளையில் அவளைத் தனியே அழைத்து, என் படிப்போடு ஏன் விளையாடுகிறாய் என்று கோபமாகவே கேட்டேன்.

அவள் ரொட்டியை மடித்து வைத்தாள். “ஒனக்காக நா வேகமா பறிப்பேன். நாளைக்கு அதையே எல்லார்கிட்டயும் கேப்பாங்க. பக்கத்து நெரையில முட்டி வலியோட நிக்கிறாங்களே, அவங்களுக்கு அரப்பேருதான் விழும். அரநாள் சம்பளத்த வச்சு அவங்க என்னா செய்வாங்க?”

அன்று மாலையே துரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். என் தாள்களைப் புரட்டியவர், இதுதான் இவர்களுடைய உண்மையான வேகமா என்று கேட்டார். ஆமென்றால் பொய். இல்லையென்றால் அக்கா அகப்படுவாள்.

“நான் பக்கத்துல நின்னதால வேகம் மாறிருச்சுங்க சார். இந்த அளவ வச்சு எதையும் முடிவு செய்ய முடியாது. என் ஆய்வுலயும் இத சேக்க மாட்டேன்” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. தாள்களைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து மலைக்கு வரவேண்டாம் என்றார்.

வேறொரு தோட்டத்தில் அனுமதி வாங்க ஒரு வருடம் அலைந்தேன். அங்கே கைகளை அளக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் சுமையோடு காத்து நிற்கும் நேரத்தை அளந்தேன். ஆய்வேட்டை இப்போதுதான் ஒப்படைத்திருக்கிறேன். சேதி சொல்ல எங்கள் லயத்து வீட்டுக்குப் போனபோது அக்கா தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷத்த நாந்தானே புள்ள கெடுத்தேன்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அந்தப் பொய் செல்லாது.

“ஆமாக்கா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். மறுநாளும் அவளுக்கு வேலை இருந்தது. பக்கத்து நிரைக்காரிக்கும் இருந்தது, முழு நாள் சம்பளத்தோடு.