அக்கா வீட்டு ஹாலில் வைத்த கண்

வீட்டுக்குத் திருட்டு அலாரம் என்று ஒன்று உண்டு என்பதே மதுரையில் பலருக்குத் தெரியாத காலத்தில், அதைச் சுவரில் மாட்டிக் கத்த வைத்துக் காட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சங்காத்தம் முடிந்தது. கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டப் போனேன். கருகிப்போன ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, பற்றவைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு கற்றதுதான் என் படிப்பு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நகைக்கடைக்கு மெட்ராஸிலிருந்து அலாரப் பெட்டி வந்தது. மாட்ட வந்தவர்களுக்கு ஏணி பிடித்தேன். பக்கத்துக் கடைக்கு நானே மாட்டினேன். அதன்பின் இந்த ஊரில் நான் கம்பி இழுக்காத தெரு குறைவு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. யாரும் கைகொடுத்துத் தூக்கி நான் மேலே வரவில்லை.

அலாரத்தில் மாயம் ஏதும் கிடையாது. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்ன சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை காந்தம் சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும், திறந்தால் விட்டுவிடும். அந்தச் சேதி கம்பி வழியே பெட்டிக்குப் போகும், பெட்டி சைரனைக் கத்த விடும். கரண்ட் போனாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது. இது போக, ‘கண்’ என்று ஒன்று உண்டு. ஹாலின் மூலையில் உயரத்தில் வைப்போம். உடம்புச் சூடுள்ள எது அதன் முன்னால் அசைந்தாலும் பார்த்துவிடும். ஆள் இல்லாத வீட்டுக்கான காவல் அது. வீட்டுக்காரரே உள்ளே வந்தாலும் பெட்டியில் உள்ள சாவியைத் திருப்பி அணைக்க வேண்டுமே, அதற்காகப் பெட்டி அரை நிமிடம் பொறுக்கும். அணைக்காவிட்டால் தெரு கூடிவிடும். சில நிமிடம் கத்திவிட்டுச் சைரன் தானாக நிற்கும். இல்லாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். மறுபடி யாராவது அசைந்தால் மறுபடி கத்தும்.

இந்த ஊரில் என் தொழிலோடு மல்லுக்கு நின்றது திருடன் இல்லை, தலைவாசல் நிலை. நல்ல நேரம் பார்த்து, அடியில் நவதானியம் போட்டு, பூசை செய்து நிறுத்திய நிலையில் டிரில்லரை வைக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். “ஒட்டி விட்ருங்களேன்” என்பார்கள். ஒட்டினால், வெள்ளிக்கிழமைதோறும் நிலையைக் கழுவி மஞ்சள் பூசுகிற தண்ணீரில் சுவிட்ச் கழன்று விழும். யோசித்து யோசித்து நானே ஒரு வழி கண்டேன். தலைவாசலைத் தொடாமல் விட்டுவிட்டு, அதைப் பார்த்தபடி ஹாலில் கண்ணை வைப்பது. பின்னால் வந்த அலாரக்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டது நான் போட்ட அந்தப் பாதையைத்தான்.

என் அக்கா வீட்டிலும் அப்படித்தான் வைத்தேன். அவனியாபுரத்தில், வயல்கள் பிளாட்டாகிக்கொண்டிருந்த பக்கம் அவள் வீடு. மச்சான் கட்டி முடித்துக் கொஞ்ச காலம்கூட வாழாமல் போய்விட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில். தனியாக இருக்கிறாளே என்று நான்தான் வற்புறுத்தினேன்.

“பின்வாசல்ல போடு, ஜன்னல்ல போடு. நெலையில கைய வச்ச, நான் மனுசியா இருக்க மாட்டேன்” என்றாள் அக்கா. “ஒன் மச்சான் நின்னு வச்ச நெல அது.”

“சுண்டு வெரல் அளவு ஓட்டைதான்க்கா.”

“அம்புட்டுதான்னா ஒன் சுண்டு வெரல்ல போடு.”

ஹாலில் கண்ணை வைத்தேன். வெளியே போகும்போது சாவியைப் போடு, வந்ததும் அணை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பேரையூர் போன நாளில், பட்டப்பகலில் ஒருவன் வந்தான். சின்னக் கடப்பாரையால் நிலையையும் கதவையும் சேர்த்துப் பேர்த்து உள்ளே நுழைந்திருக்கிறான். கண் பார்த்தது. பெட்டி அரை நிமிடம் பொறுத்தது. பிறகு கத்திய கத்தலில், எதிரே தகரப் பட்டறை வைத்திருந்த பாய் சுத்தியலோடு ஓடிவந்தார். திருடன் கடப்பாரையை ஹாலிலேயே போட்டுவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டான். ஒரு குண்டூசி போகவில்லை. என் அலாரம் ஒரு வீட்டைக் காப்பாற்றியதைத் தெருவே பார்த்தது. அடுத்தடுத்த வீடுகளில் கூப்பிட்டார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன்.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. கடப்பாரை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அர நிமிசம் இதக் கையில வச்சுக்கிட்டு இங்க நின்னுருக்கான்ல? நான் உள்ள இருந்திருந்தா?”

“நீ இல்லன்னு தெரிஞ்சுதானக்கா வந்தான்.”

“தெரியாம ஒருத்தன் வந்தா?”

அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தச்சனைக் கூப்பிட்டுக் கதவைச் சரிசெய்து, உள்ளே இரண்டு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தேன். நிலையில் பிளந்த இடத்தை மட்டும் தொட வேண்டாம் என்றாள்.

கொஞ்ச நாளில் சிங்கப்பூரிலிருந்து மருமகன் போன் செய்தான். “மாமா, அம்மா போனே எடுக்க மாட்டேங்குது. கோவமா?” அதே வாரம் பாயும் கூப்பிட்டார். “அண்ணே, ஒங்க அக்கா வீட்டுச் சங்கு நிக்கவே மாட்டேங்குது. ஓடிப் போய்ப் பாத்தா வீடு உள்பக்கம் பூட்டியிருக்கு. ‘ஒண்ணுமில்ல போங்க பாய்’னு உள்ள இருந்து கொரல் வருது. தகரம் தட்டுறவன் நானு, எனக்கே காது அடச்சுப் போச்சு.”

கருவியில்தான் கோளாறு என்று மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நான்தான்க்கா.”

“இரு, சாவியத் திருப்பிட்டு வாரேன்.”

கதவுச் சாவி என்று நினைத்தேன். உள்ளே போனதும்தான் புரிந்தது. ஹாலில் இருந்த நாற்காலி, கட்டில், எல்லாவற்றையும் அறைக்குள் தள்ளியிருந்தாள். கண் இருந்த மூலைக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி ஒரு கோரைப்பாய், தலையணை, தண்ணீர்க் கூஜா, சோறு வைத்த தூக்குவாளி. சற்றுத் தள்ளித் தட்டுப் போட்டு மூடிய ஒரு பிளாஸ்டிக் வாளி. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, ஒரு பழைய சேலையை எடுத்து அதன்மேல் போட்டாள்.

“உள்ள இருக்கும்போது எதுக்குக்கா சாவியப் போடுற?”

“உள்ள இருக்கும்போதுதானடா போடணும். இந்தா பாரு, அந்தக் கண்ணுல சின்னதா செவப்பு லைட்டு இருக்குல்ல? நம்மளப் பாத்தா எரியும். செவத்த ஒட்டியே வந்து இங்கன உக்காந்தா எரியாது. இம்புட்டு எடத்துக்குள்ள இருந்தா அதுக்கு நான் இல்லாத மாதிரி. வேற எவன் வந்தாலும் கத்தும். எப்புடி?”

கண்ணுக்கு நேர் கீழே ஒரு குருட்டு இடம் உண்டு. என்னிடம் வேலை கற்ற எவனும் நான் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்ததில்லை. இவள் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்தே பிடித்திருக்கிறாள். எங்கள் குடும்பத்து மூளை அது. வேறு நேரமாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அந்த வாளி என் வாயைக் கட்டிவிட்டது.

சமையலை விடியலில் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அதற்கு மட்டும் அணைப்பாள். பிறகு சாவியைப் போட்டு, சுவரோரமாக வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் பால் வாங்க ஒருமுறை எழுந்து அணைப்பதைத் தவிர, மறுநாள்தான் அணைப்பது. போன் எதிர்ச் சுவரில் இருந்தது, அதனால் எடுக்கவில்லை. தூக்கத்தில் கையை நீட்டினால் சைரன்.

கருவியில் கோளாறே இல்லை. மீட்டரை எடுக்காமல் பைக்குள்ளேயே வைத்தேன்.

“அக்கா, நான் சொல்றதக் கேளு. தலைவாசல் நெலையில காந்தத்தப் போட்ருவோம். பின்வாசல்லயும் ஜன்னல்லயும் ஏற்கனவே இருக்கு. இந்தக் கண்ணக் கழட்டிருவோம். வெளியில இருந்து எவன் தொறந்தாலும் கத்தும். நீ உள்ள ஓடு, ஆடு, ஒண்ணும் ஆகாது.”

“நெலையிலயா? திருடன் போட்ட காயம் பத்தாதா, நீயும் போடணுமா?”

“அப்பக் கண்ண மட்டும் கழட்டிட்டுப் போறேன்.”

“கழட்டிட்டு நீ போ. நான் விடிய விடியக் கதவுல சாஞ்சு உக்காந்துக்கிறேன்.”

“என் வீட்டுக்கு வந்துரு.”

“வந்தா இந்த வீட்ட யாரு பாப்பா?”

அவளிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. வெளியே வந்ததும் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். “நானே அக்காட்டச் சொல்லிட்டேன்ணே. எம்புட்டுத் தடவதான் ஓடியாரது, தெருவே சிரிக்குதுன்னு. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நெசமாவே எவனாச்சும் வந்தா, அக்காதான்னு நான் பட்டறையிலயே உக்காந்திருவேன். அந்தப் பயத்துலதான் சொன்னேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காந்தமும் கண்ணும் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும், கடைசியில் ஓடிவருவது பக்கத்து வீட்டு மனிதன்தான். அவனுடைய காது மரத்துப் போனால் அலாரம் வெறும் சத்தம்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள், காலைச் சாப்பாடு முடிந்து அக்கா எதற்கோ எழுந்திருக்கிறாள். உட்கார்ந்தே கிடந்த கால் மரத்துப்போயிருந்தது. சாவி இருந்த இடத்துக்குப் போக அரை நிமிடம் தாராளமாகப் போதும். அவள் ஹாலின் நடுவிலேயே விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சைரன் கத்தியது. கத்தி முடித்துத் தானாக நின்றது. சாயங்காலம் பால் ஊற்ற வந்த பெண் கூப்பிட்டுப் பார்த்து, உள்ளே முனகல் கேட்டுப் பாயைக் கூட்டிவந்தாள். கதவை உடைத்து அவர் உள்ளே கால் வைத்த பிறகுதான் சைரன் மறுபடி கத்தியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சத்தம் நின்னுருச்சுல்லண்ணே. அக்கா எந்திரிச்சு அமத்திட்டாங்கன்னுதான் நெனச்சேன். அல்லா மேல ஆணை.”

உள்ளே போய் அக்காவிடம் கேட்டேன். “விழுந்த எடம் கண்ணு பாக்குற எடம்தானக்கா. கையக் கால அசைச்சிருந்தாக்கூட மறுபடி கத்தியிருக்குமே?”

“கத்தும்னு தெரியும்.”

“பெறகு?”

“கத்துனா பாய் மறுபடி வேலையப் போட்டுட்டு ஓடியாரணும். தெருவே சிரிக்கும். அதான் அசையாமக் கெடந்தேன்.”

“கத்துறதுக்குத்தானக்கா அத வச்சேன்” என்றேன். கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளே சொன்னாள். “நெலையில போட்டுக்க.”

வேலையாட்களை அனுப்பாமல் நானே போனேன். திருடன் பேர்த்த இடத்துக்கு வெகு மேலே, வெளியே தெரியாதபடி துளை போட்டேன். தேக்குத் தூள் பொன்னாக உதிர்ந்தது. தச்சன் சரிசெய்து வைத்த கதவுக்குள்ளேயே காந்தத்தைப் புதைத்தேன். அப்படி ஒரு சுத்தமான வேலை நானும் அதற்குமுன் செய்ததில்லை. கண்ணைக் கழற்றி, சுவரில் இருந்த ஓட்டைகளைப் பட்டி பார்த்து அடைத்தேன். நாற்காலிகளைப் பழையபடி ஹாலில் போட்டேன். வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தேன்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். நிலையைத் தொட்டுக் கும்பிட்டாள். துளை எங்கே என்று தேடவில்லை. கதவைச் சாத்தி, அவள் கண்ணெதிரே சாவியைப் போட்டேன். ஹாலின் நடுவில் போய் நின்று கையை ஆட்டினேன். குதித்தும் காட்டினேன். சத்தமில்லை.

“பாத்தியா? இப்பக் கதவத் தொறந்தாத்தான் கத்தும். அடுப்படிக்கு நடந்து போக்கா, பாப்போம்.”

அக்கா மேலே மூலையைப் பார்த்தாள். பட்டி அடைத்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தாள். வாக்கரைத் தூக்கி, சுவரை ஒட்டி வைத்தாள்.

“நடுவுல வாக்கா. அங்க ஒண்ணுமில்ல.”

“தெரியும்டா” என்றாள்.

தோள் சுவரில் உரச உரச, ஹாலைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காப்பி போட்டு, திரும்பவும் சுவரோரமாகவே கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் அதன்பின் சைரன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. அவள் இருந்தவரை அந்த ஹாலின் நடுவில் நடந்து நான் பார்க்கவும் இல்லை.