தட்டில் வைத்த எடைக்கல்

என் அப்பாவுக்குக் கை நடுங்கும். சும்மா மடியில் கிடந்தால் நடுங்காது. ஒரு டம்ளரை எடுத்தால் ஆரம்பித்துவிடும். நரம்புக் கோளாறு, உயிருக்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. ஊருக்கு அதெல்லாம் தெரியுமா? காலையில் கை ஆடினால் குடிகாரன்தான்.

முன்பு ஆனையூரில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். கைத்தராசு. தூக்கிப் பிடித்தால் முள் நிற்காது. ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். விட்டுவிட்டுப் பரவை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்.

வீட்டில் ஆளுக்கொரு வேலை. அம்மா அவருக்குச் சவரம் செய்து விடுவாள். அக்கா சோற்றை உருட்டிக் கொடுப்பாள். சட்டைப் பொத்தான் போடுவதும், டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை. எனக்கு ஒன்பது வயது. விசேஷ வீடுகளில் அப்பா பந்தியில் உட்கார மாட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பட்டினியாக வருவார்.

அக்காவைப் பார்க்க முதலில் வந்தவர்கள், அப்பா காப்பியைச் சிந்தியதைப் பார்த்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அடுத்து திருவாதவூரிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு அப்பாவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டோம். பேசி முடிந்தது. ஆனால் நிச்சயத்தன்று இரண்டு அப்பாமாரும் சபை முன்னால் தட்டு மாற்ற வேண்டும். அதற்கு எங்கே ஒளிப்பது?

பெரியப்பா சொன்னார். "நீ பேசாம ஓரமா இருப்பா. தட்ட நான் மாத்திக்கிறேன். இதும் போச்சுன்னா பிள்ளைய எங்க கொண்டுபோயித் தள்றது?"

"சரிண்ணே" என்றார் அப்பா.

அக்காதான் ஒப்பவில்லை. "எங்கப்பா மாத்தலேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"அப்ப நீங்களாச்சு, உங்க கையாச்சு" என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்று தெரியும். மூட்டைக்கு அந்தக் கை ஆடாது. நிறைகுடத்துக்கும் அவ்வளவாக ஆடாது. டம்ளருக்குத்தான் ஆடும். நிச்சயத்தன்று காலையில், கட்டிலுக்கடியில் கிடந்த பழைய எடைக்கற்களில் இரண்டு கிலோ கல்லை எடுத்துத் துடைத்தேன். தட்டில் வைத்து, வெற்றிலையைப் பரப்பி, வாழைப்பழச் சீப்பால் மறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தட்டைத் தூக்கியதும் அப்பா என்னைத்தான் பார்த்தார். கை லேசாக ஆடியது. தட்டிலிருந்த தேங்காய் உருளவில்லை. கொடுத்துவிட்டார்.

வாங்கிய மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் கை தடாலென்று இறங்கியது. சீப்பு சரிந்து கல் தெரிந்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல காரியத்துல இரும்ப வச்சிருக்கே! எவடி செஞ்சது?"

"நான்தான். கனமா இருந்தாத்தான் எங்கப்பாவுக்குக் கை ஆடாது."

அப்பா சபையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கை நடுக்கம் உண்டுங்க. வெகுநாளா இருக்கு. குடிக்கிறவன் இல்ல. உங்ககிட்ட மறைச்சது தப்புத்தான்."

மாப்பிள்ளையின் அப்பா கல்லைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டு, ரெண்டு கிலோவா? எடை சரியா இருக்குமா சம்மந்தி?"

"கல்லு சரியா இருக்குமுங்க. கைதான் இப்படி."

யாரோ சிரித்தார்கள். அடுத்து அவர் தட்டு. சேலை, பூ, பழம். கொடுக்குமுன் எங்கள் கல்லை அதில் தூக்கி வைத்தார். "பிடிங்க சம்மந்தி" என்றார்.

நான் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரும்பு ஆகாது என்று கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், சம்பந்தம் போச்சு, அம்மா தோலை உரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து அக்கா தேடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அப்பா பந்தியில உக்காந்துட்டாருடி. தண்ணி ஊத்த ஒன்னையத்தான் கூப்பிடுறாரு, வா."

"கல்லத் திருப்பிக் குடுத்துட்டாகளே?" என்றேன்.

"அடி போடி கூறுகெட்டவளே" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அப்பாவும் அடுத்தடுத்த இலை. அப்பாவின் இலையைச் சுற்றிச் சோறு சிதறிக் கிடந்தது. அவர்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல டம்ளரில் பாதி ஊற்றினேன். அடுத்த டம்ளரில் நிறைய ஊற்றப் போனேன்.

"எனக்கும் பாதியே ஊத்து தாயி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அவருக்குத் தாகமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.