மழை விட்டது தெரியாமல் செய்த ஜெபம்

ஆண்டவருடைய பிள்ளைகளாகிய உங்களுக்கு ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மேரி எழுதுகிறேன். இந்தச் சாட்சியை எழுதச் சொல்லிப் பாஸ்டர் பல முறை கேட்டுவிட்டார். வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். படித்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் நான் சிரித்த நாள் குறைவு. எப்போதும் ஒரே எரிச்சல். சுவிஸில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லாப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பதுதான் என் சுயதொழில். அங்கே மத்தியானம் என்றால் இங்கே அந்தி நேரம். தோட்டத்தில் எல்லாரும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம். எங்கள் லயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை, வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

இடது பக்கம் லெட்சுமி அக்காவின் ரேடியோ. வலது பக்கம் ராமையா அண்ணன் விறகு பிளப்பார். நான் கமெராவில் கத்தரிக்காயைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க?" என்று கேட்டால், சுவிஸ் பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமி அக்கா, "கத்திரிக்கா!" என்பார். அதோடு விடமாட்டார். "ஏ புள்ள மேரி, பைப்புல தண்ணி வந்துருச்சு. வீட்ல சும்மாதானே இருக்க, கொடத்தத் தூக்கிக்கிட்டு வா!"

சும்மாதானே! அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை சூடாகும்.

கடைசியில் சுவிஸில் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சர் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, பின்னால ஒரே சத்தம். தாய் தகப்பன்மார் முறைப்பாடு சொல்லுகினம். இந்த மாதத்துக்குள்ள அமைதியான ஒரு இடம் பாருங்கோ. இல்லையெண்டா வேற ஆளைத்தான் போட வேணும்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து படுக்கையோடு இருக்கிறார். என்னைத் தவிர அவருக்கு யாரும் இல்லை. இந்த வேலை போனால் நான் கொழும்பில் ஒரு கடைக்கோ வீட்டுக்கோ வேலைக்குப் போக வேண்டும். அப்புறம் அப்பாவை யார் திருப்பிப் படுக்க வைப்பது?

அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'வீட்டிலிருந்து தொழில் செய்வது சிரமமா? ஹட்டன் நகரில் உங்களுக்கென ஒரு மெய்நிகர் அலுவலகம்!' நான் தமிழ் டீச்சர் இல்லையா, உடனே சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். மெய் என்றால் உண்மை. நிகர் என்றால் சமம். உண்மையான அலுவலகத்துக்குச் சமமான சின்ன அறை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஆண்டவரே வழி திறந்துவிட்டார் என்று பணத்தையும் கட்டினேன். லயத்தில் லேசாகப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

லாப்டாப்பைச் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த தம்பியிடம், "என் ரூம் எதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரூமெல்லாம் இல்ல அக்கா. இது அட்ரஸ் மட்டும்தான். ஒங்க பேருக்குக் கடிதம் வந்தா எடுத்து வைப்போம், போன் கோல் வந்தா பேசுவோம். வேலைய நீங்க வீட்லருந்தே செய்யலாம்."

வீட்டிலிருந்தே செய்யலாமாம்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மெய்யும் இல்லை, நிகரும் இல்லை. கட்டின காசு கட்டினதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அடித்த அடியில் பக்கத்தில் பேசினாலும் கேட்காது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஈரச் சேலையோடு முழங்காலில் நின்று, இருந்ததையெல்லாம் கொட்டினேன். பக்தியான ஜெபம் என்று நினைக்காதீர்கள். அது சண்டை.

"ஆண்டவரே, ஒரு அறை கேட்டா அட்ரஸக் குடுக்கிறீங்களே, இது நியாயமா? அந்த லெட்சுமி அக்காவோட ரேடியோவ ஒடச்சுப் போடுங்க. ராமையா அண்ணனோட கோடாலியப் புடுங்குங்க. நான் சும்மாவா இருக்கேன்? இந்த வேலை போனா எங்கப்பா தனியாக் கெடந்து செத்துப்போவாரு, ஆண்டவரே!" என்று கத்திக் கத்திக் கேட்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஒரே அமைதி. மழை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டிலும் பேச்சில்லை. லயம் முழுவதும் என் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பைப்படியில் லெட்சுமி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போச்சு, இடமும் போச்சு, அக்கம்பக்கமும் போச்சு என்று ஆண்டவர் மேலேயே கோபித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பயந்து பயந்துதான் வகுப்பைத் தொடங்கினேன். ரேடியோ இல்லை. விறகு பிளக்கும் சத்தம் இல்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. என்னமோ ஏதோ என்று ஜன்னலை லேசாகத் திறந்து பார்த்தேன். பைப்படியில் லெட்சுமி அக்கா காவல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். குடம் இடிபடாமல் இருக்கக் கீழே சாக்கு விரித்திருந்தார். யாரோ வாயைத் திறக்க, "உஸ்! உள்ள வேல நடக்குது" என்று அதட்டினார்.

வேலை என்று சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அக்கா முறைத்தார். "நீ வெளிநாட்டுல யாரோடயோ கத பேசிக்கிட்டு இருக்கன்னுல்ல நாங்க நெனச்சோம். காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுத்தாத்தானே எங்களுக்கு வேல. வீட்ல ஒக்காந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறதும் வேலன்னு யாருக்குத் தெரியும்? ஒங்க சாமிகிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா?"

அன்று சுவிஸ் டீச்சரும் கூப்பிட்டார். "இண்டைக்கு நல்ல அமைதி. எங்க ஒஃபிஸ் எடுத்தனீங்கள்?"

"வீட்லதாங்க டீச்சர்" என்றேன்.

அந்த மாதம் முடிந்தும் வேலை போகவில்லை. அப்பாவை இன்றும் நான்தான் திருப்பிப் படுக்க வைக்கிறேன். கூரை வரை எழும்பாத அந்தச் சுவரை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அது எழும்பியிருந்தால் என் ஜெபம் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மெய்நிகர் அலுவலகத்தை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தினமும் அந்தியில் வாய்விட்டே ஜெபிக்கிறேன். போன வாரம் ஆமென் சொன்னவுடன் சுவருக்கு மேலே குரல் வந்தது. "ஏ புள்ள, இன்னைக்கு எம்பேரு வரலியே? முழங்கால் வலிக்குதுன்னு சொன்னேன்ல?" மறுபடியும் முழங்காலில் நின்றேன்.

உங்களுக்குள்ளும் யார் மேலாவது இப்படி ஓர் எரிச்சல் புழுங்கிக்கொண்டிருந்தால், அதை அடக்கி வைக்காதீர்கள். உள்ளபடியே ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் யார் காதில் போட வேண்டுமோ அவர்கள் காதில் போடுவார். நானும் உங்களுக்காகக் கேட்க வேண்டுமென்றால் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். லெட்சுமி அக்காவின் பெயருக்கு அடுத்ததாகச் சொல்கிறேன்.