வயது ஏழு முதல் ஒன்பது வரை

"பயனர். வயது ஏழு முதல் ஒன்பது வரை. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. முன் அனுபவம் கூடாது." நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டில் இவருடைய பதவிக்கு நேரே இப்படித்தான் எழுதியிருக்கிறது. மேற்படிப் பயனர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக வந்த பெட்டியின் மூடியைப் பார்க்காமலே கழற்றி, மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. முதுகலைப் பட்டம் இரண்டு. இந்த நாற்காலியில் மட்டும் பத்தொன்பது வருட அனுபவம்.

மூடியைக் கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. மூடியில் படம் இருக்கும். உள்ளே இருப்பது கப்பலா, பசுமாடா, தீயணைப்பு வண்டியா என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கை தானாக யோசிக்க ஆரம்பித்துவிடும். தலையில் குமிழ் வைத்து ஒன்றோடொன்று பொருந்தும் பொம்மைக் கட்டைகள் செய்யும் அந்த நிறுவனம் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு படப்புத்தகம் வைக்கிறது. அதில் எழுத்தே கிடையாது. முதல் பக்கத்தில் இரண்டு கட்டை, அடுத்த பக்கத்தில் இன்னும் மூன்று என்று வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு கோட்டை எழுந்து நிற்கும். புத்தகம் அச்சுக்குப் போகுமுன், படத்தில் உள்ளபடி மட்டும், ஒரு குமிழ் கூடாமல் குறையாமல் கட்டிப் பார்ப்பது இவர் வேலை. படம் தப்பென்றால் இவரும் தப்பாகக் கட்ட வேண்டும். வேறு எந்த உத்தியோகத்திலும் ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடிய குணம் இங்கே தகுதி.

"எனக்குப் புரியக் கூடாது. புரிஞ்சா வேலை கெட்டுச்சு" என்பார்.

நிஜமான ஏழு வயதுக்காரர்களை உட்காரவைத்தால் என்ன என்று கேட்கலாம். உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் மூன்றாம் பக்கத்தோடு புத்தகத்தை மூடி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து, இஷ்டத்துக்கு எதையோ கட்டத் தொடங்கினார்கள். ஒருவன் கழிப்பறை வைத்த ராக்கெட் கட்டினான். மீதி மூன்று பேர் புத்தகத்தைப் பார்த்துத்தான் கட்டினார்கள். எங்கே குழம்பியது என்று கேட்டால் மூவரும் "எங்கயும் இல்ல" என்றார்கள். ஏழு வயது தன் குழப்பத்தை ஒப்புக்கொள்ளாது. ஆகவே ஒப்புக்கொள்ளக்கூடிய ஏழு வயது ஒன்று தேவைப்பட்டது. அன்றிலிருந்து கட்டடம் முழுவதற்கும் இவர் "ஏழு வயசு அக்கா". இவரைவிட மூத்த வாயில்காவலர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மேசையின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளை சாஸர் இருக்கிறது. அதன் கோப்பை என்றோ உடைந்துபோயிற்று. கட்டி முடித்த பிறகு கட்டை ஏதாவது மிஞ்சினால் அந்த சாஸருக்குப் போகும். சாஸரில் கட்டை கிடந்தால் புத்தகத்தில் எங்கோ ஒரு படம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு படிவம். அதில் "தயங்கிய இடம்" என்று ஒரு கட்டம். எந்தப் பக்கத்தில் கை நின்றதோ அந்தப் பக்க எண்ணை அதில் எழுதுவார். புத்தகத்துக்குப் படம் வரைகிறவர் முப்பது வயதுக்காரர், கெட்டிக்காரர். ஆனால் இந்த அறைக்குள் மட்டும் உடனே நுழைந்துவிட மாட்டார். கதவருகே நின்று தலையை நீட்டுவார்.

"அக்கா, சாஸர்ல ஏதாச்சும்...?"

"உள்ள வாப்பா. பதினாறாம் பக்கத்துல சிவப்பு மேல சிவப்ப வச்சிருக்க. ஒண்ணா ரெண்டான்னு தெரியல."

"ரெண்டுதான் அக்கா. அது யாருக்கும் தெரியுமே!"

"எனக்குத் தெரியலயே."

"பத்தொன்பது வருசமா கட்றீங்க, உங்களுக்கா தெரியாது?"

"எனக்கு ஏழு வயசுப்பா."

இதற்குமேல் வாதம் ஓடாது. அவர் முனகிக்கொண்டே போய் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வருவார். ஒரே ஒரு முறை, அவர் மிகவும் நொந்துபோயிருந்த நாளில், இவர் காரணம் சொன்னார்: "புத்தகம் தப்புன்னு பிள்ளைக்குத் தெரியாது தம்பி. நாமதான் மக்குன்னு நினைச்சுக்கும்." சொல்லிவிட்டு அடுத்த பெட்டியின் மூடியைக் கவிழ்த்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மதிய இடைவேளையில் தடித்தடியான துப்பறியும் நாவல்கள் படிப்பார். எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை. பின்னட்டைச் சுருக்கம் தப்பித்தவறிக்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இருபதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்து ஊருக்கே அறிவித்துவிடும் ஒருவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அவர் உட்காரும் மேசையில் இவர் சாப்பிடுவதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடும் அலுவலக வாசலோடு சரி. சமையலில் எதையும் அளந்து போட மாட்டார். கரண்டி கணக்குப் பார்க்கிறவர்களைக் கண்டால் சிரிப்பார். வாழ்க்கைப்பட்டதும் செய்முறைப் படம் பார்க்காத மனிதருக்குத்தான். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அலமாரியோ கட்டிலோ பாகம் பாகமாக வந்து இறங்கினால், கூட வரும் தாளை முதல் வேலையாகக் கசக்கி எறிவார். பூட்டி முடித்ததும் நாலு திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் தாராளமாக் குடுத்திருக்கான்" என்பார். அவர் பூட்டிய அலமாரியில் இடது கதவை மூடினால் வலது கதவு திறந்துகொள்ளும். இருபத்தாறு வருடமாக இவர் அதில்தான் துணி அடுக்குகிறார். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை இருக்கிறது. பெயர்ப்பலகையில் "புதுமை உருவாக்கப் பிரிவு". புழக்கத்தில் "சும்மா ரூம்". நான்கு பேர் அங்கே கட்டைக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து, மனசுக்குத் தோன்றியதைச் சும்மா கட்டிக்கொண்டே இருப்பார்கள். அதில் உருப்படியாக ஏதாவது தேறினால் அது அடுத்த வருடத்துப் பெட்டி. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்று பதில் வரும். சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படி உண்மை பேசக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்தில் அவர்கள் மட்டும்தான். இவர் அந்த மாடிக்கு ஏறியதே இல்லை. "சும்மா இருக்கறதுக்கு ஒரு ரூமு, அதுக்கு ஒரு ஏசி" என்பது இவர் அபிப்பிராயம்.

இவரிடம் ஒரு நாள் பாலப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைகள், அறுபத்து மூன்று பக்கங்கள், மேலே ஓட்டிப் பார்க்க ஒரு குட்டி லாரி. மூடியைக் கவிழ்த்தார், கட்டினார், லாரி ஓடியது, சாஸர் காலி. "தயங்கிய இடம்: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகம் அச்சாகி, பெட்டிகள் கடைகளுக்குப் போயின.

கொஞ்ச நாளில் கடிதங்கள் வரத் தொடங்கின. பாலம் நடுவில் விழுகிறது. ஒரு சாம்பல் கட்டை மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது? ஒரு சிறுமி அந்தக் கட்டையைப் பாலத்தின் உச்சியில் நட்டு, "புகைபோக்கி வைத்தும் விழுகிறது" என்று புகைப்படம் அனுப்பியிருந்தாள். இன்னொரு பிள்ளையின் கடிதம் ஒரே வரி: "ஆறு தடவை கட்டிட்டேன், எனக்கு வரலை." அதை மட்டும் இவர் வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில், வளைவின் அடியில் வர வேண்டிய இரண்டு குமிழ்ச் சாம்பல் கட்டையைப் படம் வரைகிறவர் விட்டுவிட்டிருந்தார். அது அவர் தப்பு. பிறகு, இவர் கட்டிப் பார்த்த பாலத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்கள். படத்தில் இல்லாத கட்டை, இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பாலம் என்றால் அடியில் பிடித்து நிறுத்தும் பூட்டுக்கட்டை உண்டு என்று பத்தொன்பது வருடத்துப் பாலங்கள் எல்லாம் சேர்ந்து கைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டிருந்தன. கண் பார்க்குமுன் கை வைத்துவிட்டது. சரியாகச் செய்ததற்காக ஒருவரை விசாரிப்பது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற காரியம் இல்லை. இங்கே நடந்தது.

மேலாளர் கத்துகிற ஆள் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சும்மா. அதான் விஷயம்."

"ஒரு தடவைதான் சார்."

"தெரிஞ்சது இனிமே தெரியாமப் போகுமா? மூணாவது மாடிக்குப் போயிடுங்க. ஜன்னல் இருக்கு, வெளிச்சம் இருக்கு. இது பதவி உயர்வுங்க."

"எனக்கு ஒன்பது வயசு முடிஞ்சிருச்சுன்னு சொல்றீங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று மேலாளருக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாடிக்கு வந்து, புத்தகம் இல்லாமல் எதையாவது கட்டிக் காட்டச் சொன்னார். நன்றாக வந்தால் சும்மா ரூம். வராவிட்டால் கட்டைகளை நிறம் பிரித்துப் பெட்டியில் போடும் பிரிவு. எதுவானாலும் கீழ்த்தள நாற்காலி போயிற்று.

அந்த வாரம் மாலைகளில் வீட்டில் பயிற்சி நடந்தது. எதிர்வீட்டில் தங்கை குடும்பம். தங்கை மகளுக்கு உண்மையிலேயே எட்டு வயது. படப்புத்தகத்தை விசிறியாக மட்டும் பயன்படுத்துகிறவள். அவள் கட்டிய சிங்கத்துக்கு வயிற்றில் லிஃப்ட் உண்டு.

"ஏதாச்சும் கட்டு பெரியம்மா."

"ஏதாச்சும்னா?"

"ஏதாச்சும்னா ஏதாச்சும்தான்."

"அது எத்தனாம் பக்கம்?"

முதல் நாள் ஒரு சுவர் எழும்பியது. எட்டுக் குமிழ் அகலம், பத்து வரிசை, அப்பழுக்கில்லாத நேர்கோடு. "இது யார் வீட்டுச் சுவரு?" என்று பிள்ளை கேட்டாள். இவர் சுவரைப் பிரித்து அடுக்கினார். இரண்டாம் நாளும் சுவர். நடுவில் ஒரு ஜன்னல். பிள்ளை தன் பள்ளி ஆசிரியையின் குரலை இரவல் வாங்கிக்கொண்டு, "பரவால்ல, முன்னேற்றம் தெரியுது" என்றாள். மூன்றாம் நாள் ஜன்னலை எடுத்துவிட்டார்.

கணவர் சோபாவில் இருந்தபடியே வழி சொன்னார். "நானா இருந்தா அங்கே போய் எதையோ மாட்டி வச்சிட்டு, இதான் நவீனம்னு சொல்லிட்டு வந்திருவேன்."

"அது பொய்ங்க. சொன்னதைச் செய்யணும்."

"அவங்கதான் ஒண்ணுமே சொல்லலயே!"

"அதான் கஷ்டம்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இவர் கைப்பையோடு மூன்றாவது மாடிக்கு ஏறினார். மேலாளர் இருந்தார், இடமாற்றத் தாளோடு. சும்மா ரூமின் தலைவி இருந்தார். கழுத்தில் கட்டையாலேயே ஒரு மாலை. குறிப்பெடுப்பதற்காக, புத்தகத்துக்குப் படம் வரைகிறவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் இவர் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் மலைபோல் கட்டைகள்.

"மனசுல என்ன வருதோ அதைக் கட்டுங்க. சும்மா" என்றார் தலைவி.

"மனசுல வர்றதைத்தானே?"

"அதேதான்."

"வேற எதுவும் இல்லயே?"

"வேற எதுவுமே இல்லைங்க."

இவர் முகம் தெளிந்தது. உத்தரவு கிடைத்துவிட்ட முகம். குவியலிலிருந்து கட்டைகளைப் பொறுக்கி எண்ணி ஒரு பக்கமாகச் சேர்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வந்ததும் மீதியை ஒதுக்கித் தள்ளினார். பிறகு கட்ட ஆரம்பித்தார். முதலில் இரண்டு, அப்புறம் மூன்று. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, விரல் நுனியால் காற்றில் பக்கம் திருப்பினார். பத்தாவது திருப்பலில் வரைகிறவருக்கு விளங்கிவிட்டது. குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தோராம் பக்கம் வந்ததும் இவர் வலது கை நேராகச் சாம்பல் கட்டையிடம் போனது. எடுத்தது. வளைவுக்கு அடியில் கொண்டுபோனது. அங்கே நின்றது. நெற்றியில் வியர்த்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினார்.

முடிந்தபோது பாலம் அழகாகத்தான் இருந்தது. குவியலில் கிடந்த குட்டி லாரியை ஏற்றி ஒரு விரலால் தள்ளினார். நடுவில் போனதும் பாலம் இரண்டாகி, லாரியோடு மேசைமேல் கொட்டியது.

"அடடா, என்னமா விழுது!" என்றார் தலைவி, உண்மையான ரசனையோடு.

"இதுவா உங்க மனசுல வந்தது?" என்று கேட்டார் மேலாளர்.

"மூணு வாரமா இதுதான் சார் வருது. புத்தகத்துல உள்ளபடியே."

மேலாளர் விழுந்த பாலத்தைப் பார்த்தார். தனியாகக் கிடந்த சாம்பல் கட்டையைப் பார்த்தார். இடமாற்றத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இவர் கைப்பையைத் திறந்து வெள்ளை சாஸரை எடுத்து மேசைமேல் வைத்தார். மிஞ்சிய கட்டையை அதில் போட்டார். படம் வரைகிறவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.