நடுவில் தைத்த பதினாறு பக்கம்

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். ஊரார் எழுதியதைத் திருத்தித் திருத்தியே கண் பூத்துப்போன மனுஷர், தன் பங்குக்கு ஒரு நாவல் எழுதிக் கைக்காசு போட்டு அச்சடித்தார். வாங்க ஆளில்லை. சும்மா வாங்கிப் போனவர்களும் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். படித்தாயா என்று கேட்டுவிடுவாரே. அதே வாரம் அங்கேயே அச்சான ‘உடம்பு இளைக்க ஒன்பது வழி’ சக்கைப்போடு போட்டது. ஒரு நடிகை அதைக் கையில் வைத்திருந்த புகைப்படம் எப்படியோ வெளியாகிவிட்டது, அவ்வளவுதான். உனக்கு எழுத வரும், ராசிதான் இல்லை என்பார் அச்சகத்து பைண்டர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

விற்காத நாவல்கள் கட்டுக்கட்டாகக் கட்டிலடியில் கிடந்தன. பெருக்க முடியவில்லை, கரப்பான் வருகிறது என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கே அலுத்துவிட்டது. கடைசியில் ஒருநாள் காலை அவரே பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டார். வண்டியில் ஏற்றியபோது அழுகைகூட வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

அன்று சாயங்காலமே தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் ‘உடம்பு இளைக்க’. வாங்கி ரொம்ப நாளாகிறதாம், இளைக்கும் வைராக்கியம் இப்போதுதான் வந்ததாம். பிரித்தால் நடுவில் இவருடைய நாவலின் பதினாறு பக்கம். இரண்டும் ஒரே அளவு. அடுத்தடுத்து இருந்த குவியல்களில் பைண்டர் மாற்றி எடுத்துத் தைத்திருக்கிறார். அச்சகத்தில் வேறு புத்தகம் தருகிறோம் என்றார்களாம். அந்த அம்மாள் அதை வேண்டாமென்று இவர் விலாசத்தை வாங்கி வந்திருக்கிறார்.

“லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு. உள்ள அவனும் அவன் பொண்டாட்டியோட வக்கீலும் மட்டும். அப்புறம் என்னங்க ஆச்சு?”

இந்தக் கேள்விக்காகத்தானே அவர் அத்தனை பக்கம் எழுதினார். நேற்று வந்திருக்கக் கூடாதா என்று அந்த அம்மாள்மேல் கோபம்கூட வந்தது. புத்தகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி உள்ளே போய், ஆடாமலிருக்க பீரோ காலுக்கடியில் கொடுத்திருந்த ஒரு பிரதியை உருவி வந்தாள். அட்டையில் பீரோ கால் குழியாகப் பதிந்திருந்தது. தூசியை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

கண்டவர் கையிலெல்லாம் புத்தகத்தைத் திணித்தவர், அன்று செருப்புகூடப் போடாமல் தெருமுனைவரை அந்த அம்மாள் பின்னாலேயே போனார்.

“படிச்சுட்டு மறக்காம திருப்பிக் குடுத்துடுங்கம்மா” என்றார். “எங்கிட்ட வேற இல்ல.”