ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

பழைய வேனில் கட்டில், அடுப்பு, சிலிண்டர் எல்லாம் வைத்துக்கொண்டு, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் மலைமேல் உள்ள கரியாலூரில் இரண்டு நாள் தங்கினோம். ஃபேன் ஓடி ஓடியே பேட்டரி இறங்கிவிட்டது. ஜீப்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவசரத்தில் ஒயரை மாற்றி மாட்டினேன், பொறி பறந்தது. சரியாக மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை.

"ஃபியூஸ் போயிட்ச்சி சார். வெள்ளிமலைதான் போறேன், வாங்கியாந்து தரேன், இருங்க" என்றார்.

நான் இருக்கவில்லை. வீட்டில் ஃபியூஸ் கட்டுவதுபோல் செம்புக் கம்பியைச் சுற்றிச் செருகினேன். விளக்கெல்லாம் எரிந்தது, ஹாரனும் அடித்தது. ஸ்டெல்லா பின்னால் கட்டிலில் தூங்கிவிட்டாள்.

மலை இறங்கும்போது டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. நிறுத்தி, அவளை இழுத்து இறக்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

"இன்னாங்க ஆச்சி?" என்றாள்.

எனக்குப் பயம்கூட வரவில்லை. கம்பி அறுந்துபோகாததால் உருகிய ஒயர்களையும் சீட்டுக்குப் பின்னால் இருந்த சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது வண்டியில் ஒரு டப்பா நிறைய சரியான ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா ஓடும் வண்டியில் தூங்குவதே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, மலையைப் பார்க்காமல் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.